ஓவசியர் வளவு

பொய் சொல்லி இன்னும் அரை மணித்தியாலம் ஆகவில்லை, அதற்குள் தவராசாவுக்கு அலுத்துப் போய்விட்டது. உடம்பலுப்பு இல்லை. உடம்புக்கென்ன, ஐம்பத்துநாலு வயதிலும் இந்தப் பழைய ஜீப்பை நெடுந்தீவின் கல்லிலும் கிடங்கிலும் காலமை தொடங்கிப் பின்னேரம் வரைக்கும் உருட்டுகிற உடம்பு. கொழும்புக்காரரையும் வெள்ளைக்காரரையும் வெளிநாட்டுத் தமிழரையும் ஏற்றி, குதிரை காட்டி, கோட்டை காட்டி, பெருக்குமரம் காட்டி, திரும்பப் படகில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய் விறகும் கொத்துகிற உடம்பு. இது வேறை அலுப்பு. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்று சும்மாவா சொன்னார்கள். அதுவும் எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த இந்தக் கையளவு தீவில், எந்த வழியால் போனாலும் பயம்தான். எல்லாம் ஒழுங்காய்த்தான் தொடங்கினது. மாவிலித்துறையில் படகால் இறங்கின தாயையும் மகளையும் பார்த்து வழமைபோலச் சிரித்தான், "வாங்கோ, கவனம், படியில பாசி" என்று கைகொடுத்தான், தாயை முன் சீற்றில் ஏற்றினான், மகளைப் பின்னால் ஏற்றினான், யாழ்ப்பாணத்து ஏஜென்சிக்காரன் போனில் சொன்ன பெயர்களையும் சரிபார்த்தான். தாய் சற்குணவதி, மகள் ஆரணி, நோர்வே. சாவியைத் திருகுகிற நேரம் பார்த்து அந்த மனுசி, அறுபத்தைந்து வயதிருக்கும், நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்தா, பெரிய விஷயமில்லாத மாதிரிக் கேட்டா: "தம்பி, ஓவசியர் கதிரவேலுவின்ர வீடு வளவு தெரியுமோ? நான் அவற்ற கடைசி மகள். நாங்கள் எழும்பிப் போய் முப்பத்தைஞ்சு வருசம்." தவராசாவின் வாய் அவனைக் கேட்காமலே திறந்தது. "அது இடிஞ்சு போச்சக்கா. கிணறும் உப்பாப் போச்சு. ஒரே பத்தை, ஜீப் போகாது." மூன்று பொய், ஒரே மூச்சில். அன்று விடியக் காலமை அந்த வளவில்தான் அவன் எழும்பினான். அந்தக் கிணற்றில்தான் முகம் கழுவினான். அந்த வாசலில் நின்றுதான் தேத்தண்ணி குடித்தான். அந்த இடிந்துபோன வீட்டு வாசலில் நின்றுதான் அவனுடைய மனுசி ராணி கையைக் காட்டி வழியனுப்பினாள். சற்குணவதி "அப்பிடியோ" என்று மட்டும் சொன்னா. அழுதிருந்தால்கூட நல்லாயிருந்திருக்கும், அல்லது ஆர் இடிச்சது எண்டு ஒரு சண்டைக்கு வந்திருந்தாலும். ஒரு அப்பிடியோவோடு விட்டுவிட்டு, சீற்றின் இடுப்புப் பட்டியைத் தேடி இழுத்துப் பூட்டிக்கொண்டு, கடலைப் பார்த்தபடி இருந்தா.

முருகைக்கல் வேலிகளுக்கு நடுவால் ஒழுங்கை போகிறது, ஒரு பக்கம் சில்லு கிடங்கில், மற்றப் பக்கம் சில்லு கல்லில், பின்னாலிருந்து அந்தப் பிள்ளை ஆரணி "அங்கிள், இந்தக் கல் எல்லாம் சீமெந்து இல்லாமலோ நிக்குது?" என்று கேட்க, ஓம் பிள்ளை, கடலுக்குள்ளயிருந்து எடுத்த கல், ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்கினது, நூறு வருசமா நிக்குது என்று வாய் தன்பாட்டில் சொல்கிறது. வாய்க்கு இந்தச் சுற்றுலா மனப்பாடம். மனம்தான் வேலியோடு வேலியாகச் சிராய்த்துக்கொண்டு போகிறது. தெரியுமோ எண்டுதானே கேட்டவ. தா எண்டு கேட்கேல்லையே. உறுதி எழுதுற நொத்தாரிசு அண்டைக்கு என்ன சொன்னவர்? அந்த வளவில பத்து வருசத்துக்கு மேல இருந்திட்டீர் தவராசா, உம்மட பேரில ஆட்சி உறுதி எழுதலாம், ஆனால் உரித்துக்காரர் ஆரும் வந்து கேட்டவையோ? இல்லை ஐயா. ஒருத்தரும் கேட்கேல்லையோ? இல்லை ஐயா. அப்ப அலுவல் சுகம், வாற வெள்ளிக்கிழமை வாரும், கையெழுத்து வைக்கலாம். அன்றைக்கு அது பொய்யில்லை, சத்தியமாய்ப் பொய்யில்லை, ஒருத்தரும் கேட்கவில்லைத்தான். இன்றைக்குத் திங்கட்கிழமை. நாலு நாள் பிந்தி வந்திருக்கக் கூடாதா இந்த மனுசி! முப்பத்தைந்து வருசம் வராதவை, இன்னொரு நாலு நாள் அங்கேயே பனியில் கிடந்தால் என்ன குறைந்து போய்விடும்! அந்த நினைப்பு வந்த வேகத்திலேயே அவனுக்கு வெட்கமாயும் வந்தது. தூசு கிளம்பி முன் கண்ணாடிக்கு மேலால் வந்து சற்குணவதி இருமத் தொடங்க, அவனுடைய இடது கை, இருபது வருசப் பழக்கத்தில், சீற்றுக்குக் கீழே இருந்த தண்ணீர்ப் போத்திலை எடுத்து நீட்டியது. கடைப் போத்தில் அவன் வாங்குகிறதே இல்லை. "வீட்டுத் தண்ணியக்கா, பயமில்லாமல் குடியுங்கோ, தீவில இப்பிடித் தண்ணி வேற எங்கயும் இல்லை" என்று வருகிற எல்லாருக்கும் சொல்கிற பெருமையையும் வாய் சேர்த்துச் சொன்னது. அவ ஒரு வாய் குடித்தா. விழுங்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தா. மூடியைத் திருகினா, பிறகு திரும்பக் கழற்றி இன்னொரு வாய் குடித்தா. "இதை நான் வைச்சிருக்கிறன் தம்பி" என்று போத்திலை மடியில் வைத்துக்கொண்டா. வைச்சிருங்கோ வைச்சிருங்கோ, என்று அவன் அடுத்த கிடங்குக்குக் கியரை இறக்கினான்.

இருபத்திரண்டு வருசம். களவெடுக்கவென்று போனவனில்லை அவன், அதை ஆரும் சொல்ல முடியாது. மேற்குக் கரையில் அவனுடைய தகப்பன் விட்டுப்போன கொட்டிலில் கிணறு உப்பு, கழுவினால் சவுக்காரம் நுரைக்காது, அவித்தால் பருப்பு வேகாது. வயிற்றில் மூத்தவளோடு ராணி ஒன்றரை மைல் நடந்து ஓவசியர் வளவுக் கிணற்றில் தண்ணி அள்ளிக்கொண்டு வருவாள். ஆளில்லாத வளவு, படலை விழுந்து கிடந்தது, ஆர் வேணுமென்றாலும் அள்ளலாம். முதலில் அவளுக்குத் துணைக்குப் போனான். பிறகு அறுந்துபோன கயிற்றுக்குப் புதுக் கயிறு கட்டப் போனான். பிறகு கிணற்றுக்குள் விழுந்த பனையோலையை எடுக்கப் போனான். பிறகு ஒரு மாரி மழைக்கு ஒதுங்கினவர்கள் அன்றிரவு அங்கேயே படுத்தார்கள், அடுத்த நாள் கூரை ஒழுக்கை அடைத்தான், அடுத்த கிழமை பாயும் சட்டியும் வந்தன. உரியவை வந்தால் எழும்பிக் குடுப்பம் என்று சொன்னான், ராணியும் ஓம் என்றாள், இரண்டு பேரும் அதை மனதாரத்தான் சொன்னார்கள். அந்த வீட்டுக்காரரின் சாமான் எல்லாவற்றையும், கதிரை, அலுமாரி, சுவரில் தொங்கின ஓவசியரின் பெரிய படம், எல்லாவற்றையும் ஒரு அறைக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை ராணி தாலிக்கொடியோடு கொழுவியிருந்தாள். ஆறு வருசம் அந்த அறை பூட்டித்தான் கிடந்தது. இளையவள் பிறந்தபோது திறந்தார்கள், இடம் காணாது என்று. படத்தைச் சாக்குக்குள் போட்டுக் கூரை வளையில் கட்டினான், கரையான் தின்னக்கூடாது என்று. எறிஞ்சனானோ? எறியேல்லையே. எறிகிறவன் வேறை, கட்டி வைக்கிறவன் வேறை. ஆனால் இருபத்திரண்டு வருசமும் இந்தச் சனம் அதை ஒருநாளாவது தவராசா வீடு என்று சொன்னதில்லை. ஓவசியர் வளவில இருக்கிற தவராசா. ஓவசியர் வளவுத் தண்ணி. கலியாணக் கார்ட்டில்கூட, பொம்பிளை வீடு ஓவசியர் வளவு என்று போட்டால்தான் சனத்துக்கு வழி தெரியும். மூத்தவள் கஸ்தூரிக்கு ஆவணியில் நாள் வைத்தாயிற்று, புங்குடுதீவு மாப்பிள்ளை, நல்ல பெடியன், வீடு வளவோடு நல்ல தண்ணிக் கிணறு என்றதும்தான் மாப்பிள்ளை பகுதியின் முகம் மலர்ந்தது. உறுதி எங்கே என்று நாகரிகமாய்க் கேட்டார்கள். வருகுது, வெள்ளிக்கிழமை வருகுது என்று இவனும் நாகரிகமாய்ச் சொன்னான்.

தெற்கு வெளியில் குதிரைகள் நின்றன. பதினைந்து இருபது இருக்கும், எலும்பு தெரிய, காய்ந்த புல்லில் மூக்கை வைத்துக்கொண்டு, ஜீப்பைக் கண்டு ஒன்றும் ஓடவில்லை. ஆரணி துள்ளிக் குதித்து இறங்கி போனைத் தூக்கிக்கொண்டு போனாள். "அங்கிள், இதுகளுக்குச் சொந்தக்காரர் இல்லையோ?" என்று அங்கிருந்து கத்தினாள். இல்லைப் பிள்ளை, விட்டிட்டுப் போன குதிரையள், பேந்து தன்பாட்டில பெருகினது. விட்டுப் போனால் பெருகும், விட்டுப் போனால் இடியும், விட்டுப் போனால் வேறை ஒருத்தன் வந்து இருப்பான். குதிரை குணமறிந்துதான் தம்பிரான் கொம்பு குடுக்கேல்லை, மனுசனுக்கும் குடுக்கேல்லை, நல்ல காலம். சற்குணவதி இறங்கவில்லை. முழங்கால் ஏலாதாம். மடியில் போத்தில். அவவோடு தனியே இருக்கப் பயந்து அவன் பொனற்றைத் திறந்து சும்மா உள்ளே பார்த்துக்கொண்டு நின்றான். அப்போதுதான் போன் அடித்தது. ராணி. "இஞ்சருங்கோ, எத்தினை மணிக்குச் சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாறியள்? நண்டு காய்ச்சிப்போட்டன், முருங்கையிலையும் சுண்டிறன்." ஐயோ கடவுளே, சாப்பாடு! வருகிற ஆட்களை மத்தியானம் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பாடு குடுக்கிறதுதானே வழமை. வீட்டுச் சாப்பாடு, கிணற்றடியில் கைகழுவல், மாமரத்துக்குக் கீழே பாய். அதற்காகவே ஏஜென்சிக்காரன் இவனிடம் ஆள் அனுப்புகிறான். "வேண்டாம், இவை கடற்கரையில சாப்பிடப் போயினமாம்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னான். "நண்டு?" என்றாள் ராணி. "நாங்கள் தின்னுவம்." "என்னப்பா உங்களுக்கு, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?" "தூசு." போனை வைத்துவிட்டுத் திரும்பினால் ஆரணி பக்கத்தில் நிற்கிறாள். "அங்கிள், வீட்டுச் சாப்பாடு எண்டு இன்ரநெற்றில போட்டிருந்துது?" மனுசிக்குக் காய்ச்சல் பிள்ளை, எழும்ப ஏலாமல் கிடக்கிறா. சொன்னவுடன் நாக்கைக் கடித்தான். குத்துக்கல்லு மாதிரி நின்று நண்டு காய்ச்சுகிறவளுக்குக் காய்ச்சல். சும்மா சொன்ன காய்ச்சல் பலித்துவிடும் என்று அவனுடைய தாய் சொல்லுவா. மனதுக்குள் காளி கோயிலுக்கு ஒரு தேங்காய் நேர்ந்தான். பொய்க்குப் பொய் முட்டுக்குடுக்க வெளிக்கிட்டால், முட்டுக்குடுக்கவே வாழ்நாள் காணாது.

அதற்குப் பிறகு ஊருக்குள்ளால் போகவே அவனுக்குத் துணிவு வரவில்லை. ஆஸ்பத்திரியடிக் கடையில் ஆரும் நிற்பார்கள், பள்ளிக்கூடத்தடியில் ஆரும் நிற்பார்கள், ஒருத்தர் கைகாட்டி ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது கதை. ஆனபடியால் கரையோடு கரையாக விட்டான். வழியென்று ஒன்றும் இல்லாத இடம். கல்லும் சிப்பியும் மணலும், இடைக்கிடை பற்றைக்குள் தலையைக் கொடுத்து வெளியே வருகிற ஜீப். ஆரணிக்குப் பெரிய புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. "இதுதான் அங்கிள் உண்மையான ஓஃப் ரோட்!" என்று பின்னால் இருந்து சிரிக்கிறாள். சிரி பிள்ளை, சிரி, நான் உன்ர கொம்மாவின்ர வீட்டுக்கு ஒளிச்சுத்தான் இந்தக் கல்லெல்லாம் ஏறி இறங்கிறன், சில்லுப் போகப்போகுது, முதுகெலும்பு போகப்போகுது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் சற்குணவதி ஒரு கையால் கம்பியையும் மற்றக் கையால் போத்திலையும் பிடித்துக்கொண்டு இருந்தா. முறைப்பாடு ஒன்றும் இல்லை. என்ன நினைக்கிறா? இடிஞ்சுபோன வீட்டை நினைச்சு அழாமல் இருக்கிறாவோ? சின்ன வயதில் இந்தக் கரையில் நண்டு பிடித்திருப்பா. என்னிடம் அதைச் சொல்லமாட்டா, ஏன் சொல்லவேணும், நான் ஒரு ட்ரைவர். அதற்குள், எங்கிருந்துதான் வந்தானோ, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வலைக்காரச் சின்னராசு எதிரே வருகிறான். ஒளிக்க ஒரு மரமில்லை. "எடேய் தவராசா!" என்று தூரத்திலேயே தொடங்கிவிட்டான். "ஓவசியர் வளவுப் பக்கம்தான் போட்டு வாறன், உன்ர மனுசி..." தவராசா அக்சிலேற்றரை அடிமட்டும் அமத்தினான். எஞ்சின் கத்தின கத்தலில் மிச்சம் கடலோடு போயிற்று, சின்னராசு வாயைத் திறந்து மூடுகிறது மட்டும் தெரிந்தது, பிறகு தூசு. ஓரக்கண்ணால் பார்த்தான். அவ முன்னுக்குப் பார்த்தபடி இருந்தா. கேட்டிருக்காது. இந்தச் சத்தத்தில் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் ஓவசியர் வளவுப் பக்கம் என்றுதானே சொன்னவன், பக்கம் என்றால் பக்கம், பத்தைக்குப் பக்கத்தால் போயிருப்பான். இப்படித்தான் அவனுடைய புத்தி, ஒரு ஓட்டையை அடைத்துவிட்டுத் தலையை நிமிர்த்த இன்னொரு ஓட்டை.

கரையோரத் தனிக் கடையொன்றில் அவன் மட்டும் இறங்கி ஓடிப்போய் வாங்கின பார்சலைக் கடற்கரையில் தாழை மர நிழலில் பிரித்தார்கள். சோறும் மீன் குழம்பும், குழம்பில் உப்புக் கூட. உப்பு என்றதும் தவராசாவின் மனம் வேறொரு பக்கம் சரிந்தது. ஒரு மாதமாக வீட்டுத் தேத்தண்ணி அவனுக்குப் பிடிக்கவில்லை. அடிநாக்கில் ஏதோ. ராணியிடம் சொன்னால், உங்கட நாக்கிலதான் உப்பு என்கிறாள். போன வருசம் கிணற்றுக்கு மோட்டர் பூட்டினபோது பக்கத்து வளவுக் கந்தையா அண்ணை வேலியில் பிடித்துக்கொண்டு சொன்னவர், தவராசா, இந்தத் தீவில நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேல மிதக்குது, வாளியால மேலால அள்ளினால் ஒண்டும் செய்யாது, மோட்டர் போட்டு உறிஞ்சினால் கீழ இருக்கிற கடல் மேல ஏறும், பிறகு இறங்காது. கிழட்டுக் கதை என்று நினைத்தான். மாப்பிள்ளை பகுதி வீடு பார்க்க வரும்போது குழாயைத் திறந்தால் தண்ணி வரவேண்டாமா? குளியலறை கட்டி, மேலே தண்ணித் தாங்கி வைத்து, நாகரிகமாய்க் குடுக்கவேண்டாமா? நாகரிகம், கண்டறியாத நாகரிகம். "தம்பிக்கு எத்தினை பிள்ளையள்?" என்று சற்குணவதி கேட்டது அவனைத் தூக்கிவாரிப் போட்டது. காலமைக்குப் பிறகு அவவாகக் கேட்ட முதல் கேள்வி. "ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள் அக்கா. மூத்தவளுக்கு வாற ஆவணியில கலியாணம்." "சந்தோசம். வீடு குடுக்கிறியளோ?" நம்மட வழக்கம்தானே, பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு குடுக்கிறது, இதைக் கேட்காத தமிழ் மனுசி உலகத்தில் எங்கே இருக்கிறா? "ஓமக்கா, குடுக்கிறம்." "நல்ல தண்ணியுள்ள வளவோ?" "ஓமக்கா" என்றான். "அது வேணும்" என்றா அவ, "தண்ணியில்லாத வீட்டுக்குப் பிள்ளையைக் குடுக்கக்கூடாது. எங்கட ஐயா கிணத்தைக் கட்டிப்போட்டுத்தான் வீட்டுக்கு அத்திவாரம் போட்டவர்." பிறகு பார்சல் தாளைச் சின்னதாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தா, கடற்கரையில் எறியவில்லை. கை கழுவக் கடல் தண்ணியைத்தான் கேட்டா. போத்திலில் இன்னும் பாதி இருந்தது.

சொல்லிவிடுவோம். பெருக்குமரத்தடிக்குப் போகிற வழி முழுக்க அவன் இதையே சொல்லிக்கொண்டிருந்தான். அக்கா, நான் காலமை ஒரு பிழை விட்டிட்டன். இல்லை, அப்பிடித் தொடங்கக்கூடாது. அக்கா, உங்கட வீடு இடியேல்லை. பிறகு? பிறகு அவ ஆரிருக்கிறது எண்டு கேட்பா. நான்தான் எண்டு சொன்னால், காலமை ஏன் இடிஞ்சது எண்டு சொன்னனீர் எண்டு கேட்பா, அதுக்கு என்னிட்ட என்ன மறுமொழி இருக்கு? என்ர பிள்ளையின்ர கலியாணம் அக்கா. அவவுக்கும் பிள்ளை இருக்கிறாள், பின்னால் இருந்து போனில் பெருக்குமரத்தின் சுற்றளவைத் தேடுகிறாள், அவளுக்கும் உரித்துத்தானே, அம்மாவின்ர ஐயா கட்டின வீடு. அவைக்கு அங்க மாடி வீடு இருக்கும். இருந்தால்? இருந்தால் ஐயா கட்டினது அவைக்கு இல்லையெண்டாகுமோ? எங்களை எழுப்பிவிட்டால் எங்கே போறது, மேற்குக் கரைக் கொட்டில் போன சூறாவளியோடு போயிற்று. கஸ்தூரியின் முகம் வந்தது. கலியாணம் குழம்பினால் அவள் அழமாட்டாள், அதுதான் கரைச்சல், ஒன்றும் பேசாமல் வேலை செய்துகொண்டு திரிவாள், அந்த மௌனத்தோடு ஒரு வீட்டுக்குள் இருக்க அவனால் ஏலாது. இந்த அக்காவும் அந்தச் சாதிதான், பேசாத சாதி. பேசாத ஆட்களுக்குப் பொய் சொன்னால் அது போய் எங்கே விழுகுது என்றே தெரிகிறதில்லை. மரத்தின் பொந்துக்குள் ஆரணி நிற்க, தாயையும் கூப்பிட, தாய் மெல்ல மெல்ல இறங்கி, தவராசாவின் தோளில் கையை வைத்துக்கொண்டு நாலடி நடந்தா. பாரமில்லாத கை. இப்ப சொல்லு, இப்ப சொல்லு என்று நெஞ்சு இடித்தது. "இந்த மரம் அராபிக்காரர் கொண்டுவந்ததெண்டு சொல்லுகினம் அக்கா" என்றான். அவ மரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நாங்கள் இதுக்குள்ள ஒளிச்சு விளையாடினனாங்கள்" என்றா. அவ்வளவுதான். அவன் நேரத்தைப் பார்த்தான். மூன்று மணிப் படகுக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம். ஓவசியர் வளவு அங்கிருந்து பத்து நிமிசம். அவன் மணிக்கூட்டைப் பார்த்ததை அவவும் பார்த்தா. "என்ன அக்கா, வெளிக்கிடுவமோ?" என்று கேட்டான்.

துறையில் சனம் நிறைய. படகுக்காரன் ஹோர்ன் அடிக்கத் தொடங்கிவிட்டான். ஆரணி முன்னுக்கு ஓடிப்போய் இடம் பிடித்துவிட்டு அங்கிருந்து கையைக் காட்டுகிறாள். தவராசா சற்குணவதியை இறக்கி, படியடிவரை கூட்டிக்கொண்டு போனான். முடிந்தது, முடிந்தது, இன்னும் இருபது அடி, இன்னும் பத்து அடி. வெள்ளிக்கிழமை, கையெழுத்து, ஆவணி. அவ படியில் நின்றா. மூச்சு வாங்கிக்கொண்டு, கடலைப் பார்த்தபடி, காலமை கேட்ட அதே குரலில் கேட்டா: "எப்ப மோட்டர் பூட்டினனீங்கள் தம்பி?" "போன வருசம் அக்கா" என்று வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று காதுக்கு வந்தது. அவ கையிலிருந்த போத்திலைத் தூக்கி வெயிலில் பார்த்தா. "கழட்டிப் போடுங்கோ. ஐயா அந்தக் கிணத்துக்குக் கிட்ட மோட்டரை விட்டதில்லை. வாளியால அள்ளினால் நூறு வருசத்துக்குக் காணும். இப்பவே கொஞ்சம் ஏறியிட்டுது, இன்னும் ஒரு வருசம் உறிஞ்சினீங்களெண்டால் காலமை நீங்கள் சொன்னது உண்மையாப் போயிடும்." முதல் வாய்த் தண்ணியிலேயே அவவுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் வாயிலேயே! நாள் முழுக்க, குதிரையடியில், கல்லில் குலுங்கிக் குலுங்கி, பார்சல் சோறு தின்று, இவன் சொன்ன காய்ச்சலையும் கேட்டுக்கொண்டு, தன்னுடைய வீட்டுத் தண்ணியை மடியில் வைத்துக்கொண்டு இந்த மனுசி இருந்திருக்கிறா. "அக்கா" என்றான். "அக்கா, வாங்கோ, இப்ப போவம், பத்து நிமிசம், படகைப் பிடிச்சு வைக்கச் சொல்லுறன். ஐயாவின்ர படம் இருக்கக்கா. நான் எறியேல்லை. கட்டி வைச்சிருக்கிறன்." அப்போதுதான் அவவின் முகம் உடைந்தது. ஒரு கணம்தான். "படத்தையும் வைச்சுக்கொண்டோ பொய் சொன்னனீங்கள்?" என்றா. கோபமில்லை அந்தக் குரலில். நாள் முழுக்க அவனுக்கு இருந்த அதே அலுப்புத்தான் அதிலும் இருந்தது. "காலமை சொல்லியிருந்தால் கிணத்தடியில இருந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வந்திருப்பன். இனி ஓடிப்போய் வாசலைப் பாத்திட்டு ஓடி வரவோ? ஏலாது தம்பி, முழங்கால் விடாது. நாளைக்கு விடியப் பிளேன்." ஹோர்ன் திரும்ப அடித்தது. படகுப் பெடியன்கள் இரண்டு பேர் கையைப் பிடித்து அவவை ஏற்றினார்கள். ஏறி நின்றுகொண்டு, எஞ்சின் சத்தத்துக்கு மேலால், இன்னும் ஒன்று சொன்னா: "பிள்ளைக்குக் குடுக்கிற கிணறு. கவனம்."

படகு போன பிறகும் தவராசா படியில்தான் நின்றான். எழுப்பி விடுகிறேன் என்றும் சொல்லவில்லை, இருங்கோ என்றும் சொல்லவில்லை, பிள்ளைக்குக் குடுக்கிற கிணறு என்றா. குடுக்கிறது ஆர், அவவோ நானோ? அதை வெள்ளிக்கிழமை நொத்தாரிசு கேட்பார், உரித்துக்காரர் ஆரும் வந்து கேட்டவையோ என்று. வந்தவ ஐயா. கேட்டவவோ? மோட்டரைக் கேட்டவ ஐயா. இதை எப்படி ஒரு நொத்தாரிசிடம் சொல்லுகிறது? ஜீப்புக்குத் திரும்பிப் போய் சீற்றுக்குக் கீழே கையை விட்டான், வழமைபோல. போத்தில் இல்லை. அவ கொண்டு போய்விட்டா. பாதிப் போத்தில் தண்ணி நோர்வேக்குப் போகுமோ, பிளேனில் விடுவார்களோ, விடமாட்டார்கள், எங்கேயோ ஒரு வாசலில் வெளியே ஊற்றச் சொல்லுவார்கள், அதற்கு முதல் குடித்துவிடுவா. போன் அடித்தது. ராணி. "வந்த ஆக்கள் போட்டினமோ?" "போட்டினம்." அவளுடைய குரலுக்குப் பின்னால் ஒரு இரைச்சல், நிற்காத இரைச்சல். "என்ன சத்தம்?" என்றான். "மோட்டர்தான். தாங்கிக்கு ஏத்திறன், பாதிதான் நிரம்பியிருக்கு. நண்டு அப்பிடியே கிடக்கு, கெதியா வாங்கோ." "நிப்பாட்டு." "என்ன?" "மோட்டரை நிப்பாட்டு ராணி." "விசரே உங்களுக்கு? பாதிதான் எண்டுறன்." "நிப்பாட்டு எண்டுறன்!" அவள் குரல் மாறி, "ஏனப்பா? ஆரும் ஏதும் சொன்னவையோ?" என்று கேட்டாள். தவராசா கடலைப் பார்த்தான். படகு சின்னதாகிக்கொண்டு போனது. "ஓம்" என்றான். "வீட்டுக்காரர் சொன்னவை." அந்தப் பக்கத்தில் அவள் நடந்து போகிறது கேட்டது, மோட்டர் ஆளியை அமத்துகிற சத்தம் கேட்டது, பிறகு இரைச்சல் நின்றது.